வைக்கோற்போர்

பிரெஞ்சுக்காரர்கள் அதை லீட்சாவ் போர் என்கிறார்கள்.
அவர்களுடைய தளபதி அன்றிரவு
லீட்சாவ் பாதிரியார் வீட்டில்
வாத்துக்கறி தின்றுவிட்டு, கைகழுவாமல்,
வெற்றிக் கடிதம் எழுதினான்.
பிரஷ்யர்களுக்கு அது டோர்ன்ரோடே வெற்றி.
அவர்கள் வரைபடத்தில்
டோர்ன்ரோடே மணிக்கூண்டுக்கு மட்டும்தான் பெயர் இருந்தது.

இரண்டு ஊருக்கும் நடுவே பதினொரு ஏக்கர்,
கெசினே டிராப்பேயின் ரை வயல்.
அதன் பெயரில் எதுவும் இல்லை.
அதில்தான் நடந்தது.

தமிழில் எழுதுவதால் எனக்கு ஒரு வசதி,
கொஞ்சம் கூச்சமும்.
அறுத்த தாளை ஆளுயரம் அடுக்கினால்
அதுவும் போர்.
கெசினேயின் மொழியில் இரண்டுக்கும் வேறு வேறு சொல்.
அவள் ஏழு போர் அடுக்கி முடித்து
முதுகை நிமிர்த்தினாள்.
எட்டாவது கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்தது.

ஆகஸ்ட் மாதம். மூன்று நாளாக மழை.
பீரங்கிச் சக்கரங்கள் அச்சுவரை இறங்கிவிட்டன.
குதிரைகளை அவிழ்த்துவிட்டு
மனிதர்களைப் பூட்டி இழுத்தார்கள்.
வெடிமருந்து கூழாயிற்று.
விசையை இழுத்தால்
எலி பல்லைக் கடித்த மாதிரி ஒரு சத்தம்,
அவ்வளவுதான்.

எனவே துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தார்கள்.
அடித்தார்கள்.
கதிரடிப்பது போல என்று எழுதக் கை போகிறது;
பழம்பாட்டுகள் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன,
நெற்களமும் களம், பிணக்களமும் களம் என்று.
வேண்டாம்.
கதிரடிக்க மூன்று பேர் நின்றால்
மூன்று அடிக்கும் ஒரு தாளம் உண்டு.
இங்கே ஒருவன் ஓங்கும்போதே இன்னொருவன் ஓங்கினான்.
நடுவில் யாரோ
தன் தொப்பியைத் தேடிக் குனிந்தான்.

கெசினே உருளைக்கிழங்கு நிலவறையில் இருந்தாள்,
ஒரு கன்றுக்குட்டியோடும்
பக்கத்து வீட்டுச் செவிட்டுப் பையன் ஃபைட்டோடும்.
மண் உதிர்வதை அவன்தான் முதலில் உள்ளங்கையால் அறிந்தான்.
அவள் கணவன் யோப்ஸ்ட்
அந்நேரம் வேறொரு படையில், வேறொரு மழையில்,
வேறு பெயருள்ள ஒரு போரில்.

ஏழு போரில் மூன்று எரிந்தன.
நனைந்தும் எப்படி எரிந்தன என்று
அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அக்டோபரில் நான்காவதைப் பிரித்தாள்.
உள்ளே ஒருவன் உட்கார்ந்திருந்தான்,
முழங்காலைக் கட்டிக்கொண்டு,
குளிருக்கு ஒதுங்கியவன் போல.
நீலக் கோட்டு.
அவர்களுக்கும் நீலம், இவர்களுக்கும் நீலம்.
பொத்தான்களை யாரோ அறுத்துப்போயிருந்தார்கள்.
பூட்ஸ் இல்லை.
பையில் ஒரு மரக்கரண்டி,
சுருங்கிக் கறுத்த பாதி முள்ளங்கி.

கணக்கர் லெம்ப்கே
குடையும் இரண்டு பேரேடுமாக வந்தார்.
நம்மவன் என்றால் புதைகூலி பன்னிரண்டு குரோஷன்.
அவர்களவன் என்றால் சுண்ணாம்புக் குழி, கூலி கிடையாது.
"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.
முகத்தைப் பார்த்தும் சொல்ல முடியாத நிலை.

"முள்ளங்கி என் தோட்டத்தது.
அதை எழுதிக்கொள்ளுங்கள்."

லெம்ப்கே இரண்டு பேரேட்டையும் திறந்தார்.
மழை விழுந்தது.
இரண்டையும் மூடினார்.

அவளும் ஃபைட்டும் குழி வெட்டினார்கள்.
கல் நிறைந்த மண், பாதி நாள் பிடித்தது.
மண்வெட்டியின் காம்பு விரிசல் விட்டதற்கு
அவள் வைதாள்,
செத்தவனையா காம்பையா என்று தெரியவில்லை.

அந்தப் போரின் வைக்கோல்
ஒரு பக்கம் நன்றாகவே இருந்தது.
பசுவுக்குப் போட்டாள்.
பசு மோந்துபார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது.
அவள் வற்புறுத்தவில்லை.

ஜனவரியில் பனி கதவை மூடியபோது
தின்றது.
யோப்ஸ்ட் இன்னும் வரவில்லை.

பால் வழக்கம்போல்தான் இருந்தது என்று
வாசலுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்,
யாரும் கேட்காமலே.